முழுசா இறக்கிட்டுத்தான் ஏத்தணுமா?

எங்கள் ஹாஸ்டலில் ஒரு தெய்வவாக்கு உண்டு. "ஜீரோ வரைக்கும் இறக்கு மச்சி, அப்புறம் நூறு வரைக்கும் ஏத்து. நடுவுல சொருகினா பேட்டரி காலி." முதலில் யார் சொன்னது என்று யாருக்கும் தெரியாது. சீனியர் சொன்னார், அவருக்கு அவருடைய சீனியர் சொன்னார். லேப்டாப் விற்ற கடைக்காரர் தன் பங்குக்கு "மொத தடவை எட்டு மணி நேரம் போடுங்க தம்பி" என்று சேர்த்து அனுப்புவார்.

என் அறைத்தோழன் இதை விரதம் மாதிரிக் கடைப்பிடித்தவன். அவன் லேப்டாப், அம்மாவின் செயினை அடகு வைத்து வாங்கியது. அதனால்தான் அத்தனை பயபக்தி. 7 சதவீதத்தில் சிவப்பு எரிந்தாலும் சார்ஜரைத் தொட மாட்டான். அதுவாக அணைந்ததும் சொருகி, மெத்தைமேலேயே வைத்துவிட்டுத் தூங்குவான். விடியும்வரை அது நூறிலேயே நின்று சுட்டுக்கொண்டிருக்கும்.

பதினாறு மாதம் இப்படிப் போனது. கடைசி ப்ராஜெக்ட் ரிவ்யூவில் ஒரு நிமிடம் கரண்ட் போய் வந்தது. அந்த ஒரு நிமிடத்தைக்கூட அந்த பேட்டரி தாங்கவில்லை. திரை கறுத்துப்போய் நின்றவனைப் பார்த்து வகுப்பே சிரித்தது. புது பேட்டரிக்கு ஆறாயிரம் என்றார்கள். செயின் இன்னும் அடகுக்கடையில்தான் இருக்கிறது. எனவே அந்த தெய்வவாக்கின் மேல் எனக்குச் சொந்தக் கோபம் உண்டு.

அந்த வாக்கு ஒரு காலத்தில் உண்மைதான் மக்களே. பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிகளை அரைகுறையாக இறக்கி ஏற்றிக்கொண்டே இருந்தால், எந்த இடத்தில் வழக்கமாக நிறுத்துகிறோமோ அந்த இடத்திலேயே வோல்டேஜ் விழ ஆரம்பிக்கும். 'மெமரி எஃபெக்ட்' என்பார்கள். அதற்கு மருந்து, முழுசாக இறக்குவது. ஆனால் சோனி 1991-லேயே லித்தியம் அயான் பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. அதை உருவாக்கிய குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019-ல் நோபல் பரிசே கொடுத்தாகிவிட்டது. நாம் மட்டும் இன்னும் காட்மியத்துக்கு விரதம் இருக்கிறோம்!

லித்தியத்துக்கு இந்த நோய் கிடையாது. அதன் பிரச்சினை நேர் எதிர். ஆழமாக இறக்கி ஏற்ற ஏற்ற அதிகம் தேயும். 50 சதவீதம் வீதம் இரண்டு முறை பயன்படுத்தினால்தான் ஒரு 'சைக்கிள்' கணக்கு. நடுவில் சொருகினால் ஒரு சைக்கிள் வீணாகிறது என்பது சுத்தப் பொய்.

"ராத்திரி பூரா சொருகி வெச்சா ஓவர்சார்ஜ் ஆகி வெடிச்சிடும்" என்று இன்னொரு கோஷ்டி உண்டு. அதுவும் தப்பு. நூறு ஆனதும் உள்ளேயிருக்கும் சர்க்யூட் சார்ஜை நிறுத்திவிடும். லேப்டாப் அடாப்டரிலேயே ஓடும். வினை வேறு இடத்தில். முழு சார்ஜில் ஒரு செல் சுமார் 4.2 வோல்ட்டில் நிற்கிறது. அந்த நிலையில், அதுவும் சூட்டில் நின்றால், உள்ளே எலக்ட்ரோலைட் சிதைந்துகொண்டே போகும், புழங்க வேண்டிய லித்தியமும் குறையும். 'பேட்டரி யுனிவர்சிட்டி' தளத்தில் ஒரு அட்டவணை உண்டு. 40 டிகிரியில் ஒரு வருடம் சும்மா வைத்த பேட்டரி, முழு சார்ஜில் இருந்தால் சுமார் 65 சதவீதக் கொள்ளளவுதான் மிஞ்சும். 40 சதவீத சார்ஜில் இருந்தால் 85 மிஞ்சும். 40 டிகிரி என்பது நமக்கு என்ன, மே மாத மத்தியானம்! மெத்தையில் காற்றோட்டத்தை அடைத்து வைத்த லேப்டாப்புக்கு அது மார்கழியிலும் கிடைக்கும்.

இதற்கு மாற்று எல்லோருடைய லேப்டாப்பிலும் ஏறக்குறைய இருக்கிறது. பல கம்பெனிகள் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி கொடுத்திருக்கின்றன. சிலவற்றில் 60-கூட உண்டு. ஒரு தடவை போட்டுவிட்டால், மேசையில் நாள் முழுக்கச் சொருகியே வைத்திருக்கலாம். ஆனால் அது எங்கே இருக்கிறது? ஏதோ ஒரு கம்பெனி ஆப்புக்குள், நாலாவது மெனுவில், புரியாத பெயரில். பெட்டியில் கண்ட கண்ட ஸ்டிக்கர் எல்லாம் ஒட்டுகிறவர்களுக்கு இதை ஒரு வரி அச்சடிக்க இடமில்லையாம். பேட்டரி செத்தால் யாருக்கு வியாபாரம் என்று யோசித்தால் எனக்குச் சந்தேகம் வருகிறது. முன்பெல்லாம் அடியில் இரண்டு கொக்கியைத் தள்ளினால் பேட்டரி கையோடு வரும். இப்போது நிறைய மாடல்களில் அடிப்பலகையையே கழற்ற வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் போட்ட சட்டப்படி, 2027 பிப்ரவரியிலிருந்து அங்கே பெரும்பாலான சாதனங்களின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்ற முடிய வேண்டும். நம் ஊரில் அப்படி எதுவும் இல்லை.

அதற்காக 80 ஆனதும் அலாரம் வைத்து எழுந்து பிடுங்குகிற ஆசாமியாகவும் மாற வேண்டாம். என் பெஞ்சில் ஒருவன் அப்படி இருக்கிறான், பாடத்தைவிட சதவீதத்தைத்தான் அதிகம் பார்க்கிறான். பயணம் போகிற அன்று நூறு போட்டுக்கொள்ளுங்கள், தப்பே இல்லை. எப்போதாவது முழுசாக இறக்கினால், தப்புத் தப்பாகக் காட்டும் மீட்டர் கொஞ்சம் சரியாகும். பேட்டரிக்கு அதனால் ஒரு புண்ணியமும் கிடையாது.

பி.கு: டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு வந்தால் பேட்டரி உப்புகிறது என்று அர்த்தம். சார்ஜரைப் பிடுங்கி, அணைத்து, சர்வீஸுக்குக் கொடுங்கள். உள்ளே இருப்பது தீப்பிடிக்கக்கூடிய வாயு. என் அறைத்தோழன் ஊசியோடு கிளம்பினான், நல்லவேளை நான் அறையில் இருந்தேன்.