சத்தத்தை அமுக்கும் பெட்டி

ரிக்கார்டிங் ஸ்டூடியோக்களில் 'கம்ப்ரஸர்' என்று ஒரு பெட்டி உண்டு. (இப்போது பெரும்பாலும் கம்ப்யூட்டருக்குள் குடிபோய்விட்டது.) பாடகர் ஒரு வரியை முனகிவிட்டு அடுத்த வரியில் அலறினால், அலறலை மட்டும் தலையில் தட்டி உட்கார வைப்பது அதன் வேலை. 'த்ரெஷோல்ட்' என்று ஒரு கோடு போடுவார்கள். 4:1 என்று வைத்தால், கோட்டுக்கு மேல் 8 டெசிபல் குதித்தவர் 2 டெசிபலோடு அடங்கிவிடுவார். எத்தனை சீக்கிரம் பாய்வது என்பது 'அட்டாக்'. ரொம்ப அவசரப்பட்டால் மிருதங்கத்தின் 'தொம்' வெறும் 'தொப்' ஆகிவிடும். பிடியை விடுகிற நிதானம் 'ரிலீஸ்'.

அளவோடு போட்டால் சாது. வில்லங்கம் அப்புறம்தான். உச்சிகளை அமுக்கியபின் மொத்தத்தையும் தூக்கி ஏற்றலாம் இல்லையா? சத்தமாக இருப்பதே நன்றாக இருப்பதாகக் காது ஏமாறும். பக்கத்துக் கடைக்காரர் ஏற்றினால் நானும் ஏற்றணுமே! 2008-ல் மெட்டாலிகாவின் 'டெத் மேக்னடிக்' வந்தது. வீடியோ கேமில் வந்த அதே பாட்டுகளில் அமுக்கல் கம்மி, கேட்க சுகம் என்று ரசிகர்கள் கண்டுபிடித்து, ஆல்பத்தை மறுபடி மிக்ஸ் பண்ணச் சொல்லி மனுவே போட்டார்கள்.

எனக்குப் பிடித்த பழைய பாட்டு ஒன்றின் 'ரீமாஸ்டர்' கேட்டேன். தூரத்திலிருந்து மெல்ல நடந்து வருமே அந்த வீணை, இப்போது முதல் நொடியிலேயே காதுக்குள் நிற்கிறது. என்ன அவசரமோ!

வேடிக்கை என்னவென்றால், ஸ்பாட்டிஃபை போன்றவை இப்போது எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய ஒரே உயரத்துக்கு இறக்கிவிடுகின்றன. கத்தியவருக்கு லாபம் போச்சு. வீணைதான் இன்னும் திரும்பவில்லை.