துப்பாக்கியை பார்சலில் போடலாமா?

அஸ்தம்பட்டி ரவுண்டானாவைத் தாண்டித்தான் ஏற்காட்டுக்கு பஸ் மலையேறுகிறது. மலையிலும் அடிவாரத்திலும் காட்டுப்பன்றிக்குப் பயந்து லைசென்ஸ் எடுத்து துப்பாக்கி வைத்திருப்பவர்கள் உண்டு. விசை கெட்டுப் போனால் ரிப்பேருக்கு வெளியூர்தான் அனுப்ப வேண்டும்.

"ஆளை அனுப்பினால் பஸ் சார்ஜ், சாப்பாட்டுச் செலவு. சாக்கில் சுற்றி ஒரு பார்சல் போட்டால் சல்லிசாக முடிஞ்சிடுமே" என்று யாருக்கும் தோன்றும். தோன்றியதோடு நிறுத்திக்கொள்வது நல்லது!

மாட்டுவது யார்?

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 3வது பிரிவுப்படி, லைசென்ஸ் இல்லாதவர் கையில் துப்பாக்கி இருக்கக் கூடாது. லைசென்ஸ் இருப்பது உரிமையாளர் பெயரில். பார்சல் ஆபீஸ் குமாஸ்தாவுக்கும் லாரி டிரைவருக்கும் அது கிடையாது. 2019ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, மீறினால் குறைந்தது 2 ஆண்டு, அதிகம் போனால் 5 ஆண்டு சிறை. அபராதம் தனி!

"உள்ளே என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது சார்" என்று டிரைவர் சொல்லலாம். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அதைச் சொல்ல கோர்ட்டு வாசலில் வேலையை விட்டுவிட்டு நிற்பது அவன்தானே?

தோட்டாவோ வெடிபொருள். 1898ஆம் ஆண்டு தபால் சட்டம் அதைத் தபாலில் அனுப்பத் தடை போட்டது. 2024 ஜூனில் புதிய தபால் சட்டம் அமலுக்கு வந்தது. பழைய சட்டம் போனது, தடை போகவில்லை.

21 டாலர் துப்பாக்கி

"அமெரிக்காவில் அனுப்புகிறார்களே" என்பார்கள். அங்கே நடந்ததையும் கேளுங்கள். 1963ல் ஆஸ்வால்டு என்பவன் பொய்ப் பெயரில் சிகாகோ கடைக்கு மணியார்டர் அனுப்பினான். தபால் செலவும் சேர்த்து 21 டாலர் 45 சென்ட். டல்லாஸ் தபால் பெட்டிக்குத் துப்பாக்கி வந்து சேர்ந்தது. அதே ஆண்டு நவம்பரில் ஜனாதிபதி கென்னடி பிணமானார்! 1968ல்தான் அந்த நாட்டுக்குப் புத்தி வந்தது. வெளிமாநிலக் கடையிலிருந்து பொதுமக்கள் தபாலில் துப்பாக்கி வாங்க தடைச் சட்டம் போட்டார்கள்.

சட்டமே காட்டும் வழி

செலவு குறைந்த நேர்வழி இல்லாமல் இல்லை. லைசென்ஸ் வைத்திருப்பவர் எழுத்து மூலம் அதிகாரம் கொடுத்தால், ரிப்பேருக்கோ லைசென்ஸ் புதுப்பிக்கவோ வேறொருவர் துப்பாக்கியைக் கொண்டு போகலாம். இதுவும் அதே 3வது பிரிவில்தான் இருக்கிறது. நம்பிக்கையான ஆள், கையெழுத்துப் போட்ட கடிதம், ஒரு பஸ் டிக்கெட். அவ்வளவுதான் செலவு! லைசென்ஸ் காலாவதியாகிவிட்டால் தாமதிக்காமல் பக்கத்து போலீஸ் நிலையத்திலோ, லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும்.

இது எத்தனை பேருக்குத் தெரியும்? தேர்தல் வந்தால் "துப்பாக்கியை ஒப்படை" என்று ஓலை அனுப்பத் தெரிந்த அதிகாரிகள், இந்த நாலு வரியைத் தமிழில் அச்சடித்து போலீஸ் நிலையங்களில் ஒட்டக் கூடாதா? மாதிரிக் கடிதம் ஒன்றையும் பக்கத்தில் ஒட்டினால் பசைச் செலவுதான் ஆகும்.

பஸ் சார்ஜை மிச்சம் பிடிக்கப் போய், அஸ்தம்பட்டி மத்திய சிறையில் களி தின்னும் நிலை யாருக்கும் வர வேண்டாம். அதிகாரிகள் கவனிப்பார்களா?