ஏழு தங்கமும் ஒரு தப்பான முடிவும்

ஜப்பானின் ஜூடோ வீராங்கனை ரியோகோ டானியைப் பற்றி ஒரு பதிவு எழுதவேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். புகழ்ந்து நாலு பத்தி எழுதிவிட்டுப் போகலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அவருடைய கதையில் ஒரு இடம் வந்ததும் கை நின்றுவிட்டது. இன்னும் எனக்கு அது செரிக்கவில்லை. அதனால் பாதிப் பதிவு புகழ்ச்சி, மீதிப் பதிவு சண்டை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அவர் யார் என்று தெரியாதவர்களுக்காக.

கல்யாணத்துக்கு முன்னால் அவர் பெயர் ரியோகோ டமுரா. 1975-இல் ஃபுகுவோகாவில் பிறந்தவர். உயரம் 146 செ.மீ. நம் வகுப்பில் முதல் வரிசையில் உட்காரவைக்கிற உயரம்தான். ஆடியது 48 கிலோ பிரிவில். ஜூடோவில் எதிராளியை வேகத்தோடு, கட்டுப்பாட்டோடு, முதுகு தரையில் படும்படி தூக்கிப் போட்டால் அது 'இப்போன்'. அத்தோடு ஆட்டம் முடிந்தது. எத்தனை நிமிடம் மிச்சம் இருந்தாலும் சரி, யார் முன்னால் இருந்தாலும் சரி. இந்த விதி எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் இதில் பெரிய ஆள், சின்ன ஆள் கிடையாது. ஒரு நொடி அசந்தால் உலக சாம்பியனும் பாயில் படுத்திருப்பார்.

டமுராவின் அறிமுகமே அப்படித்தான் நடந்தது. 1990-இல் சொந்த ஊரில் நடந்த ஃபுகுவோகா சர்வதேசப் போட்டியில், இங்கிலாந்தின் கரன் பிரிக்ஸை அவர் வீழ்த்தினார். பிரிக்ஸ் அதற்குள் நான்கு முறை உலக சாம்பியன். டமுராவுக்கு வயது 15. அந்தச் சமயத்தில் ஜப்பானில் நவோகி உராசாவா வரைந்த 'யவாரா!' என்கிற மாங்கா சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது. குட்டையான ஒரு பெண் ஜூடோவில் எல்லோரையும் தூக்கிப் போடுகிற கதை. கதாநாயகி நிஜமாகவே வந்துவிட்டாள் என்று ஜனங்கள் டமுராவுக்கு 'யவாரா சான்' என்று செல்லப்பெயர் வைத்துவிட்டார்கள். கடைசிவரை அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

1991 உலக சாம்பியன்ஷிப்பில் வெண்கலம். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில், 16 வயதில், வெள்ளி. இறுதிப் போட்டியில் பிரான்ஸின் செசில் நோவாக்கிடம் தோற்றார். அதற்குப் பிறகு வெற்றி, வெற்றி, வெற்றிதான். 1993, 1995 என்று வரிசையாக உலகப் பட்டங்கள். தொடர்ந்து 84 ஆட்டங்களில் வென்று, அட்லாண்டா ஒலிம்பிக் இறுதிப் போட்டிக்கு வந்தார். 1996. எதிரே நின்றவர் வட கொரியாவின் கே சுன் ஹுய். வயது 16. தகுதிச் சுற்று வழியாகக்கூட வராமல், சிறப்பு அழைப்பில் உள்ளே வந்தவர். டமுரா தோற்றார். மறுபடி வெள்ளி.

இங்கேதான் இந்த மனுஷியின் மீது எனக்கு மரியாதை வருகிறது. இரண்டு ஒலிம்பிக், இரண்டு வெள்ளி. இடையில் ஒரு தேசமே தங்கம் தங்கம் என்று எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறது. வேறு ஆளாக இருந்தால் நொறுங்கிப் போயிருப்பார். இவர் 2000 சிட்னிக்குப் போகும்முன் என்ன சொன்னார் தெரியுமா? அதிகபட்சம் தங்கம், குறைந்தபட்சமும் தங்கம் என்றார்! சொன்னபடியே இறுதிப் போட்டியில் ரஷ்யாவின் லியுபோவ் புருலெடோவாவை ஒரு நிமிடம் முடிவதற்குள் இப்போன் போட்டுத் தூக்கினார். எட்டு வருஷக் காத்திருப்பு ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது.

2003 டிசம்பரில் பேஸ்பால் வீரர் யோஷிடோமோ டானியைத் திருமணம் செய்துகொண்டார். 2004 ஏதென்ஸுக்கு, டமுராவாகவும் தங்கம் டானியாகவும் தங்கம் என்று சொல்லிவிட்டுப் போய் வென்றார். 2005 கடைசியில் மகன் பிறந்தான். அடுத்த முழக்கம், அம்மாவாகவும் தங்கம். 2007-இல் ரியோ டி ஜெனிரோவில் ஏழாவது உலகப் பட்டம். 1993-இலிருந்து அவர் கலந்துகொண்ட எந்த உலக சாம்பியன்ஷிப்பிலும் தங்கம் தவறவே இல்லை. 2005-இல் மட்டும் கர்ப்பமாக இருந்ததால் போகவில்லை.

கதை இங்கேயே முடிந்திருந்தால் சுபம் போட்டுவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அந்த 2007 தங்கத்துக்கு முன்னால் ஒரு ஏப்ரல் மாதம் இருக்கிறது.

இனி சண்டை.

உலகப் போட்டிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முன் ஜப்பானில் எடைப்பிரிவு வாரியாக ஒரு தேசியப் போட்டி நடக்கும். கடைசித் தேர்வுப் போட்டி என்று எல்லோரும் பார்ப்பது அதைத்தான். 2007 ஏப்ரலில், பிரசவத்துக்குப் பிறகு இரண்டு வருஷ இடைவெளி கழித்து டானி அதில் இறங்கினார். இறுதிப் போட்டிவரை வந்தார். அங்கே 21 வயது டொமோகோ ஃபுகுமியிடம் தோற்றார்.

இந்த ஃபுகுமி புது ஆள் இல்லை. 2002-இல், பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த 16 வயதிலேயே, இதே போட்டியில் டானியை வீழ்த்தியவர். டானியின் 65 தொடர் வெற்றிகள் அன்றைக்கு முடிவுக்கு வந்தன. ஆக, இரண்டு முறை வென்றிருக்கிறார். தேர்வுப் போட்டியையும் வென்றிருக்கிறார். ஒரு நாட்டிலிருந்து ஒரு பிரிவுக்கு ஒருவர்தான் போகமுடியும். யாரை அனுப்பினார்கள்?

டானியைத்தான். காரணம், அவருடைய சர்வதேச சாதனை.

டானி ரியோவுக்குப் போனார், தங்கம் வென்றார். பார்த்தீர்களா, நாங்கள் எடுத்த முடிவு சரிதான் என்று ஆகிவிட்டது. அடுத்த வருஷம் 2008-இலும் இதே கூத்து. இந்த முறை டானி எமி யமகிஷியிடம் இறுதிப் போட்டியில் தோற்றார். பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு மறுபடியும் டானியே. அங்கே அரையிறுதியில் ருமேனியாவின் அலினா டுமிட்ருவோடு ஆட்டம். இரண்டு பேருமே பெரிதாகத் தாக்காமல் இழுத்துக்கொண்டே போக, கடைசிக் கட்டத்தில் டானிக்குத் தண்டனைப் புள்ளி விழுந்தது. அதிலேயே தோற்றார். பிறகு வெண்கலப் போட்டியில் இப்போன் போட்டு ஐந்தாவது ஒலிம்பிக் பதக்கத்தோடு திரும்பினார்.

இப்போது என் கேள்வி. ரியோவில் தங்கம் வந்ததால் 2007 தேர்வு சரியாகிவிடுமா?

ஆகாது என்பதுதான் என் கட்சி. ஒருவர் ஹெல்மெட் போடாமல் வண்டி ஓட்டிக்கொண்டு பத்திரமாக வீடு வந்து சேர்ந்தால், ஹெல்மெட் தேவையில்லை என்று அர்த்தமா? முடிவு எடுக்கும் நேரத்தில் கையில் என்ன இருந்தது என்று பார்த்துத்தான் அது சரியா தப்பா என்று சொல்லமுடியும். பிற்பாடு என்ன நடந்தது என்பது வேறு விஷயம். அப்படியே ரிசல்ட்டை வைத்துத்தான் பேசுவேன் என்றாலும், பெய்ஜிங் வெண்கலத்தை என்ன செய்வீர்கள்? தங்கம் வந்தால் தேர்வு சரி, வெண்கலம் வந்தால் தேர்வு தப்பு என்றால் அது தேர்வே இல்லை, லாட்டரி.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அது லேசான வாதம் இல்லை.

ஒன்று, ஜூடோ அந்தக் காலத்தில் ஐந்து நிமிட ஆட்டம். ஒரு நாள், ஒரு ஆட்டம். அதை மட்டும் வைத்து ஆறு முறை உலக சாம்பியனை உட்காரவைப்பதா? வெளிநாட்டு ஆட்களின் பிடி வேறு, பாணி வேறு. உள்நாட்டில் ஜெயிப்பவர் எல்லாம் வெளியே ஜெயிப்பதில்லை. இரண்டு, தேசியப் போட்டியில் ஜெயித்தவர்தான் போவார் என்று எழுதிய விதி எதுவும் இல்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்போம் என்பதுதான் அவர்கள் நடைமுறை. மூன்று, குழந்தை பெற்றுத் திரும்பி வருகிற ஒரு பெண்ணுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கக் கூடாதா?

மூன்றாவதற்கு முதலில் பதில் சொல்கிறேன். விட்டுக்கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். இரண்டு வருஷம் ஆடவில்லை என்று காரணம் காட்டித் தேர்வுப் போட்டிக்கே அவரை விடாமல் இருந்தால் நான் முதல் ஆளாகச் சண்டைக்கு வருவேன். ஆனால் அவருக்கு அந்த வாய்ப்பு கிடைத்தது. இறுதிவரை வந்து தோற்றார். தோற்ற பிறகும் இடம் கொடுப்பது விட்டுக்கொடுப்பது இல்லை, இன்னொருவர் தட்டில் இருப்பதை எடுத்துக் கொடுப்பது.

இரண்டாவது வாதம்தான் எனக்கு ரொம்ப எரிச்சல் தருவது. 'எல்லாவற்றையும் சேர்த்து' என்றால் எதற்கு எத்தனை மார்க்? உள்நாட்டு வெற்றிக்கு எவ்வளவு, பழைய உலகப் பட்டத்துக்கு எவ்வளவு? அதைப் போட்டிக்கு முன்னால் சொல்லிவிட்டால் ஃபுகுமி ஜெயித்தாலும் போகமுடியாது என்று தெரிந்தே ஆடியிருப்பார். பரீட்சை எழுதி முடித்த பிறகு கேள்விக்கு மார்க் ஒதுக்குவது எந்த ஊர் நியாயம்?

முதல் வாதத்துக்கு வருகிறேன். சாதனை முக்கியம்தான். ஆனால் சர்வதேசச் சாதனை வேண்டும் என்றால் சர்வதேசப் போட்டிக்கு அனுப்பவேண்டும். அனுப்பவேண்டும் என்றால் சர்வதேசச் சாதனை வேண்டும். இந்த வட்டத்தை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? வேலை விளம்பரங்களைப் பாருங்கள். இரண்டு வருஷ அனுபவம் தேவை. அனுபவம் எங்கே கிடைக்கும்? வேலையில். கடைசி வருஷ பி.காம். மாணவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

கணக்குப் பாடத்தில் குட்வில் என்று ஒன்று படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு நிறுவனம் தானே சம்பாதித்த நற்பெயரைச் சொத்துப் பட்டியலில் ஏற்றக்கூடாது என்பது விதி. நற்பெயர் பொய் என்பதற்காக இல்லை. அதற்கு இன்றைக்கு என்ன மதிப்பு என்று நம்பகமாக யாராலும் சொல்லமுடியாது என்பதற்காக. டானியின் பழைய பதக்கங்கள் நிஜம்தான். ஆனால் 2007 ஏப்ரலில் அவற்றின் அன்றைய மதிப்பு என்ன என்று அளக்க இருந்த பெரிய கருவி அந்தத் தேசியப் போட்டி. அளந்து பார்த்தார்கள். வந்த எண் பிடிக்கவில்லை என்று தராசைத் தள்ளி வைத்துவிட்டார்கள்.

இதைவிடப் பெரிய சாட்சி டானியின் கதையிலேயே இருக்கிறது. 1990-இல் நான்கு முறை உலக சாம்பியனைச் சாய்த்தது யார்? பேர் தெரியாத 15 வயதுப் பெண். 84 தொடர் வெற்றிகளை அட்லாண்டாவில் நிறுத்தியது யார்? சிறப்பு அழைப்பில் வந்த 16 வயதுப் பெண். 2002-இல் 65 வெற்றிகளை நிறுத்தியது? மறுபடியும் ஒரு 16 வயதுப் பெண். சாதனை இல்லாதவர் சாதனையாளரைச் சாய்க்கமுடியும் என்பதற்கு டானியின் வாழ்க்கையைவிட நல்ல உதாரணம் கிடையாது. சின்னப் பெண், அனுபவம் இல்லை என்று 1991-இல் ஜப்பான் நினைத்திருந்தால் நமக்கு யவாரா சானே கிடைத்திருக்கமாட்டார்.

டானியைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். கூப்பிட்டால் எந்த ஆட்டக்காரர்தான் போகமாட்டார்? நானாக இருந்தாலும் பெட்டியைக் கட்டியிருப்பேன். தப்பு தேர்வு செய்தவர்கள் மேல். அத்தனை சந்தேகம் இருந்திருந்தால், இரண்டு பேருக்கும் மூன்று ஆட்டம் வைத்து இரண்டு ஜெயித்தவரை அனுப்பியிருக்கலாமே? டானியே ஜெயித்திருக்கவும் கூடும். அந்த ரியோ தங்கத்தை இன்றைக்கு யாரும் கேள்வி கேட்டிருக்கமாட்டார்கள். உண்மையில் அவர்கள் டானிக்கும்தான் அநியாயம் செய்தார்கள்.

பிறகு என்ன ஆயிற்று? 2009 ராட்டர்டாமில் ஃபுகுமி உலக சாம்பியன் ஆனார். டானியை முதன்முதலில் வீழ்த்தி ஏழு வருஷம் கழித்து. 2010-இல் டானி நாடாளுமன்ற மேலவை உறுப்பினராகத் தேர்வாகி, அந்த அக்டோபரில் ஆட்டத்திலிருந்து விடைபெற்றார். அந்த வருஷம் ஒரு நாடு இருவரை அனுப்பலாம் என்று விதி மாறியிருந்தது. டோக்கியோ உலக சாம்பியன்ஷிப்பின் 48 கிலோ இறுதிப் போட்டியில் நின்ற இரண்டு பேருமே ஜப்பான்காரர்கள், ஹருனா அசாமியும் ஃபுகுமியும். அசாமி வென்றார். அப்படி ஒரு வரிசை அங்கே காத்துக்கொண்டிருந்திருக்கிறது.

2012 லண்டனில் ஃபுகுமிக்கு ஒலிம்பிக் வாய்ப்பு கிடைத்தது. அரையிறுதியில் எதிரே வந்தவர் அதே அலினா டுமிட்ரு. ஃபுகுமி தோற்றார். வெண்கலப் போட்டியிலும் தோற்று ஐந்தாம் இடம். பார்த்தாயா, அவளை அனுப்பியிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்று சிலர் சொல்லலாம். இது 27 வயது ஃபுகுமி. 21 வயது ஃபுகுமி ரியோவில் என்ன செய்திருப்பார் என்று யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளும் வாய்ப்பைத்தான் பறித்துவிட்டார்களே.

ஒலிம்பிக்கில் அந்தப் பிரிவில் ஜப்பானுக்கு அடுத்த தங்கம் 2024 பாரிஸில்தான் வந்தது. டானியின் ஏதென்ஸ் தங்கத்துக்குச் சரியாக 20 வருஷம் கழித்து. வென்றவர் நட்சுமி சுனோடா, 31 வயதில், தன் முதல் ஒலிம்பிக்கில். 52 கிலோவில் பெரிய பெயர்கள் முன்னால் நின்றதால் எடையைக் குறைத்துக்கொண்டு 48-க்கு வந்தவர்.

ரியோகோ டானி மகத்தான வீராங்கனை, சந்தேகமே இல்லை. அவர் கதையைச் சொல்லும்போது ஃபுகுமியின் பெயரையும் சேர்த்துச் சொல்லவேண்டும் என்பதுதான் என் ஆசை. ஜெயித்த பிறகும் வரிசையில் நிற்கச் சொல்லப்பட்டவர் அவர்.

என் கட்சி தப்பு என்று தோன்றினால் தாராளமாகச் சண்டைக்கு வாருங்கள். ஆனால் ஏழு தங்கம் என்று மட்டும் சொல்லாதீர்கள், அதை நானே சொல்லிவிட்டேன்.