பெண்கள் தொழுவதற்கு ஓர் இடம்

ஐவேளைத் தொழுகை முஸ்லிம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவில் கடமையாக இருந்தாலும், அதை எங்கே நிறைவேற்றுவது என்பதில் மார்க்கச் சட்டம் இருவருக்கும் வெவ்வேறு வழி காட்டுகிறது. ஆண்கள் பள்ளிவாசலில் ஜமாஅத்தாக, அதாவது இமாமுக்குப் பின்னால் அணிவகுத்துக் கூட்டாகத் தொழ வேண்டும் என்பது வலியுறுத்தப்பட்டிருக்கிறது. பெண்களுக்கு அவர்களுடைய வீடே சிறந்தது என்று அபூதாவூத் தொகுப்பிலுள்ள நபிமொழி கூறுகிறது. தமிழக முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி, ஷாஃபி என்னும் இரு மத்ஹபுகளின், அதாவது சட்ட மரபுகளின், மார்க்க அறிஞர்களான ஆலிம்களும் இதையே எடுத்துக்காட்டி வருகிறார்கள். ஆனால் அதே நபிமொழியின் முற்பாதி, பெண்கள் பள்ளிவாசலுக்குச் செல்வதைத் தடுக்கலாகாது என்று ஆண்களுக்கு இடப்பட்ட கட்டளை. பிற்பாதி பெண்ணுக்கு அளிக்கப்பட்ட சலுகை. சலுகையை நினைவில் வைத்துக் கட்டளையை மறந்துவிட்ட ஊர்களே தமிழகத்தில் அதிகம்.

நபிகள் நாயகம் (ஸல்) காலத்து மதீனாப் பள்ளிவாசலில் பெண்கள் தொழுததற்கு ஹதீஸ், அதாவது நபிமொழி, நூல்களில் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. சுபுஹு என்னும் வைகறைத் தொழுகையை முடித்துக்கொண்டு, இன்னார் என்று அடையாளம் தெரியாத இருட்டில் பெண்கள் போர்வை போர்த்தி வீடு திரும்பியதை நபிகளாரின் மனைவி ஆயிஷா (ரலி) அறிவித்திருக்கிறார். தொழுகையின்போது குழந்தை அழும் ஒலி கேட்டால் தாய்க்குச் சங்கடமாகுமே என்று நபிகளார் தொழுகையைச் சுருக்கிக்கொண்டதாக வரும் செய்தி, கைக்குழந்தைக்காரிகளும் அங்கே இருந்தார்கள் என்பதைக் காட்டுகிறது. இரண்டாம் கலீஃபா உமர் (ரலி) தம் மனைவி ஆத்திகா பள்ளிக்குச் செல்வதை விரும்பவில்லை. ஆயினும் நபியின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு அவரைத் தடுக்கவுமில்லை. உமரின் மகன் இப்னு உமர் (ரலி) இந்தக் கட்டளையை எடுத்துச் சொன்னபோது, நாங்கள் தடுக்கத்தான் செய்வோம் என்று அவருடைய மகனே மறுத்துப் பேச, தந்தை மகனை மிகக் கடுமையாக ஏசினார் என்று ஸஹீஹ் முஸ்லிம் என்னும் நபிமொழித் தொகுப்பு பதிவு செய்கிறது. தடை விதிக்கும் மனப்போக்கு ஹிஜ்ரி முதல் நூற்றாண்டிலேயே தலைகாட்டியதையும், அதற்கு அப்போதே மறுப்பு எழுந்ததையும் இந்த ஒரு நிகழ்ச்சி சொல்லிவிடுகிறது.

பெண்கள் பின்னர் புதிதாக உண்டாக்கிக்கொண்டவற்றை நபிகளார் கண்டிருந்தால் அவர்களைத் தடுத்திருப்பார் என்று ஆயிஷா (ரலி) சொன்னதாக வரும் செய்திதான் தடைக்கு ஆதாரமாக அடிக்கடி காட்டப்படுகிறது. ஸ்பெயினின் கொர்டோபா நகரத்து அறிஞரும் 1064இல் மறைந்தவருமான இப்னு ஹஸ்ம் இதற்கு விடை எழுதியிருக்கிறார்: பிற்காலத்தில் என்ன நடக்கும் என்பதை இறைவன் அறிந்திருந்தும் தன் தூதர் மூலம் தடை எதையும் விதிக்கவில்லை, எனவே வேறெவரும் அதை விதிக்க முடியாது. ஹனஃபி சட்ட நூல்கள் இந்த வாதத்தை ஏற்காமல், குழப்பம் நேரும் என்ற அச்சத்தை முன்வைத்துக் கட்டுப்பாடுகளை இறுக்கின. அந்த அச்சத்தை வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. கொள்ளையும் கலகமும் மலிந்த காலங்களில் அதற்குப் பொருள் இருந்தது. அன்றைய பெண் பெரும்பாலும் வீட்டிலிருந்ததால், வீட்டில் தொழு என்பது அவளுக்கு எளிய விதியாகவும் இருந்தது.

இன்றைய நிலைமை அப்படியில்லை. காஞ்சிபுரம் காந்தி சாலையின் பட்டுக் கடையிலோ, வாலாஜாபாத்தில் ஒரு பள்ளிக்கூடத்திலோ, திருமுக்கூடலை ஒட்டிய ஊர்களில் ஓர் அலுவலகத்திலோ வேலை பார்க்கும் முஸ்லிம் பெண்ணுக்கு நண்பகல் கடந்த லுஹரும் பிற்பகலின் அஸரும் வீட்டுக்கு வெளியேதான் வருகின்றன. தொலைவான பயணத்தில் இரு தொழுகைகளைச் சேர்த்துத் தொழலாம் என்று ஷாஃபி மரபு தரும் சலுகைக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தூரம் கடக்க வேண்டும். ஹனஃபி மரபில் ஹஜ்ஜின்போது தவிர அந்தச் சலுகை இல்லை. ஆகவே அன்றாடம் பேருந்தில் வேலைக்குப் போய்வருபவள் அந்தந்த நேரத்தில் இருந்த இடத்திலேயே தொழுதாக வேண்டும். தொழுமுன் ஒளூ, அதாவது உடல் தூய்மை, செய்ய வேண்டும்: வாய் கொப்பளித்து, முகம் கழுவி, கைகளை முழங்கை வரை நனைத்து, ஈரக்கையால் தலையைத் தடவி, கால்களைக் கணுக்கால் வரை கழுவ வேண்டும். ஆண் இதைப் பள்ளிவாசலின் ஹவ்ளு என்னும் நீர்த்தொட்டியின் கரையிலோ குழாய் வரிசையிலோ உட்கார்ந்து இரண்டு நிமிடத்தில் முடித்துக்கொள்கிறான். பெண்ணோ பேருந்து நிலையத்துக் குழாயடியில், பலர் பார்க்கச் சட்டைக் கையை மேலே சுருட்டித் தலைத்துணியை விலக்க வேண்டியிருக்கிறது. அதற்குக் கூசியே தொழுகையைத் தள்ளிப்போட்டு, இரவில் வீட்டில் களாவாக, அதாவது நேரம் தவறியதாக, தொழுகிறாள். ஒழுக்கத்தைக் காப்பதற்காகப் பள்ளியின் வாசலை அடைப்பவர்கள், அப்படி அடைப்பதனாலேயே அவள் தெருக் குழாய்க்குப் போக நேர்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தமிழகத்தில் இந்த வாதம் தொழுகையோடு நின்றதுமில்லை. மணவிலக்கு, வரதட்சணை, ஜீவனாம்சம் முதலிய குடும்ப வழக்குகளை விசாரிக்கும் ஜமாஅத், அதாவது ஊர் முஸ்லிம்களின் சபை, பள்ளிவாசலில் கூடுகிறது. அங்கே பெண் நுழைய முடியாதென்றால் அவளுடைய வழக்கே அவள் இல்லாமல் தீர்க்கப்படுகிறது. இந்த அநீதியை எதிர்த்துத்தான் 2000க்குப் பின்வந்த ஆண்டுகளில் புதுக்கோட்டையைச் சேர்ந்த தாவூத் ஷரீஃபா கானம் பெண்கள் ஜமாஅத்தை உருவாக்கி, பெண்களுக்கென்றே ஒரு பள்ளிவாசல் கட்டப்போவதாகவும் அறிவித்தார். அது மார்க்கத்தைப் பிளக்கும் முயற்சி என்று எதிர்ப்பு எழுந்தது. அந்த முயற்சியின் எல்லாக் கூறுகளையும் ஏற்காதவர்கள்கூட, அதற்குக் காரணமான குறை உண்மையானது என்பதை மறுக்க முடியாது.

பெண்கள் பள்ளிவாசலில் தொழ அனுமதி கோரிப் புனேயைச் சேர்ந்த ஒரு தம்பதி 2019இல் உச்ச நீதிமன்றத்தில் மனுச் செய்தபோது, அகில இந்திய முஸ்லிம் தனியார் சட்ட வாரியம் 2020 ஜனவரியில் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்தில், தொழுகைக்காகப் பள்ளிவாசலில் நுழையப் பெண்களுக்கு அனுமதி உண்டு என்றும், ஜமாஅத்தில் கலந்துகொள்வது மட்டும் அவர்களுக்குக் கட்டாயமில்லை என்றும் தெரிவித்தது. மரபைக் காக்கும் அமைப்பே இவ்வாறு ஒப்புக்கொண்ட பிறகு, கூடுமா கூடாதா என்ற விவாதத்தை இன்னும் நீட்டுவதில் பயனில்லை.

வழிகளும் நம்மிடமே இருக்கின்றன. காயல்பட்டினத்தில் பெண்களுக்கென்றே தைக்காக்கள், அதாவது தொழுகைக்கும் ஓதலுக்குமான கூடங்கள், இருந்துவருகின்றன. தவ்ஹீத் ஜமாஅத் என்னும் அமைப்பின் பள்ளிவாசல்களில் பெண்களுக்குத் தனியிடம் உண்டு; பெருநாள் தொழுகைக்கு அவர்கள் திடலுக்கும் வருகிறார்கள். உம்ரா என்னும் புனிதப் பயணம் செல்லும் தமிழ்ப் பெண் மக்காவின் ஹரம் என்னும் புனிதப் பள்ளியிலும் மதீனாவின் நபிப் பள்ளியிலும் ஐந்து வேளையும் ஜமாஅத்தோடு தொழுதுவிட்டுத் திரும்புகிறாள். அங்கே கூடியது அவளுடைய தெருப் பள்ளியில் கூடாமற்போவதற்கு எந்த நியாயமும் இல்லை.

அனுமதி உண்டு என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் மட்டும் இடம் வந்துவிடாது; எது எவ்வளவு என்று திட்டமாக வரையறுக்க வேண்டும். திருமுக்கூடல் பெருமாள் கோவிலில் வீரராஜேந்திர சோழன் காலத்தில், ஏறத்தாழ 1068இல், பொறிக்கப்பட்ட கல்வெட்டு, அங்கிருந்த மருத்துவமனைக்கு 15 படுக்கைகள் என்றும், மருந்து சமைக்கும் பெண்கள் இருவர் என்றும், அவர்களுக்கு உரிய நெல் இவ்வளவு என்றும் ஒவ்வொன்றாக எழுதிவைத்திருக்கிறது. பள்ளிவாசல் நிர்வாகங்களும் அந்த அளவு திட்டமாகச் செயல்பட வேண்டும். பெரும் செலவு தேவையில்லை. தெருவிலிருந்து நேரே நுழையும் தனி வாசல், கதவடைத்த ஒளூ இடமும் கழிப்பறையும், பத்துப் பேர் நின்று தொழும் ஓர் அறை, இமாமின் குரல் கேட்க ஓர் ஒலிபெருக்கி ஆகியவை போதும். வீட்டிலேயே தொழ விரும்புபவளை இவை எவ்வகையிலும் வற்புறுத்தா. பேருந்து நிலையத்தையும் கடைத்தெருவையும் ஒட்டியுள்ள பள்ளிவாசல்களின் முத்தவல்லிகள், அதாவது நிர்வாகப் பொறுப்பாளர்கள், அடுத்த கட்டட வேலைக்கு வரைபடம் போடும்போது இந்த அறையை முதலில் வரைந்துவிட்டு மற்றவற்றை வரைய வேண்டும்.