முத்திரையில் நிற்பது எவ்வூர்க் கோபுரம்?

ஏற்காட்டு அடிவாரத்தில் பேருந்துக்குக் காத்திருக்கும் வேளைகளில் எதிரேயுள்ள அரசு அறிவிப்புப் பலகையே நமக்குத் துணை. அதன் உச்சியில் தமிழக அரசின் முத்திரை: கோபுரம், அதன்முன் அசோகரின் சிங்கத் தூண், இருமருங்கிலும் தேசியக் கொடிகள், 'வாய்மையே வெல்லும்' என்னும் வாசகம்.

அக்கோபுரம் எவ்வூரது? பெரும்பாலோர் தயங்காது 'ஸ்ரீவில்லிபுத்தூர்' என்பர். சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் நாம் நடத்திய வினாடி வினாவில் மாணவி ஒருத்தி 'மதுரை' என்றாள். தவறென்று கூறி மதிப்பெண்ணை மறுத்தோம். தமிழ் படித்த நாமும் பொது அறிவுக் கையேட்டைத் தாண்டிப் பார்த்தோமில்லை.

முத்திரையை வரைந்தவர் ஓவியர் ஆர். கிருஷ்ணாராவ். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் சென்னை மாகாணத்தின் முதல்வராயிருந்த காலத்தில், 1948-49 ஆண்டுகளில் அது உருப்பெற்றது. தாம் மாதிரியாகக் கொண்டது மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் மேலைக் கோபுரத்தையே என்று பின்னாளில் அவரே கூறியிருக்கிறார். கவிதையின் பொருளைக் கவிஞன் சொல் முடித்துவிடாது என்று நாம் வகுப்பில் வாதிடுவதுண்டு. ஆனால் எதைப் பார்த்து வரைந்தார் என்பது பொருள் பற்றிய வினா அன்று; செய்தி. அதை வரைந்தவரிடந்தான் கேட்க வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூராரின் பெருமிதத்தையும் நாம் எள்ளவில்லை. பதினொரு நிலைகளுடன் 192 அடி உயர்ந்து நிற்கும் கோபுரத்துக்கு எந்த முத்திரையிலும் இடமுண்டு. குழப்பத்துக்கு ஓவியமே ஒரு காரணம் என்போம். மதுரைக் கோபுரத்தில் கண்ணை மொய்க்கும் சுதைச் சிற்பங்கள் முத்திரையில் இல்லை. வடிவம் மட்டுமே எஞ்சியது. சிற்பங்களைக் களைந்தபின் அதில் ஊரின் பெயரைத் தேடுவது எப்படி?

ஜெர்மானிய நகரச் சின்னங்கள் இவ்வகையில் எளியவை. மியூனிக் என்னும் பெயரே துறவியரைக் குறிக்கும் சொல்லினின்று பிறந்தது. அந்நகரின் சின்னத்திலும் துறவியே நிற்கிறார். நம் மூவேந்தரின் வில், புலி, கயல் ஆகியவையும் இன்னார்க்கு உரியவை என்பதில் ஐயமில்லை. முத்திரைக் கோபுரமோ எந்த ஒரு குடிக்கும் ஊருக்கும் உரியதன்று. மாநிலம் முழுமைக்கும் நிற்பது. (இம்மலையுச்சியிலுள்ள சேர்வராயனோ குகைக்குள் வீற்றிருக்கிறார், கோபுரம் அவருக்குத் தேவைப்படவில்லை.)

அன்று 'மதுரை' என்ற மாணவி இப்போது மலைமேல் ஒரு பள்ளியில் ஆசிரியை. மறுத்த மதிப்பெண்ணைப் பற்றி அவளிடம் இன்னும் பேசவில்லை. பேருந்து வருகிறது; இன்று பேசிவிட வேண்டும்.