நியூரம்பெர்கில் முதல் நாள்

உயர்கல்விக்காகவும் பணிக்காகவும் ஜெர்மனி சென்றுள்ள பிள்ளைகளைக் காணச் செல்லும் பெற்றோர் இன்று நம்மிடையே உண்டு. பவேரியா மாநிலம் என்றதும் அவர்களுக்குத் தலைநகர் மியூனிக் மட்டுமே நினைவுக்கு வருகிறது. அங்கிருந்து விரைவு ரயிலில் ஒரு மணி நேரத்திற்குச் சற்று மேல் பயணம் செய்தால் நியூரம்பெர்க். அவ்வூருக்கென்று ஒரு பகலை ஒதுக்குங்கள். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், அருங்காட்சியகம் மூடியிருக்கும்.

ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து சாலையைக் கடந்தால் கோட்டை வாயில். 5 கிலோமீட்டர் மதிலில் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் இன்றும் நிற்கிறது. உள்ளே நீங்கள் காணும் பழமையில் பாதிக்கு மேல் புதியது. 1945 ஜனவரி 2 அன்று இரவு பொழிந்த குண்டுகளில் பழைய நகரின் பெரும்பகுதி தரைமட்டமாயிற்று. அதே தெருக்களில், அதே சாயலில் மீண்டும் எழுப்பினார்கள்.

நண்பகலுக்குள் சந்தைச் சதுக்கத்தை அடைந்துவிடுங்கள். கோபுரம் போன்ற நீரூற்று ஒன்று அங்குண்டு. அதன் கம்பியிலுள்ள பொன்னிற வளையத்தைச் சுழற்றினால் நினைத்தது கைகூடுமென்று பயணிகள் வரிசையில் நிற்பார்கள். மூடநம்பிக்கைக்கு நாடு ஏது! நீங்கள் எதிரிலுள்ள மாதா தேவாலயத்தின் கடிகாரத்தைப் பாருங்கள். மணி பன்னிரண்டு அடித்ததும் ஏழு சிற்றரசர்களின் பொம்மைகள் வெளிவந்து, நடுவில் வீற்றிருக்கும் பேரரசர் நான்காம் கார்லை மூன்று முறை வலம் வரும். கூட்டம் கைதட்டும்.

கைதட்டுமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அச்சதுக்கம் ஒரு காலத்தில் யூதர்களின் குடியிருப்பு. தேவாலயம் நிற்குமிடத்தில் அவர்களுடைய தொழுகைக்கூடம் இருந்தது. சந்தைக்கு இடம் வேண்டுமென்று நகரத்தார் கேட்க, வீடுகளை இடித்துக்கொள்ள எழுத்து மூலம் அனுமதி தந்தவர் அந்தப் பேரரசர்தாம். 1349 டிசம்பரில் 562 பேராவது கொல்லப்பட்டனர். தேவாலயத்தின் உள்ளே தரையில் பதிக்கப்பட்டுள்ள யூத நட்சத்திரம் இதை நினைவூட்டுகிறது. கடிகாரத்தைப் பார்க்க வந்தவர்களில் எத்தனை பேர் உள்ளே சென்று குனிந்து பார்க்கிறார்கள்!

இனி உணவு. இவ்வூரின் புகழ் விரலளவே நீளமுள்ள வறுத்த சாசேஜ். மூன்றை ஒரு ரொட்டிக்குள் வைத்துத் தருவார்கள். அது பன்றி இறைச்சி, நமக்கு ஆகாது. பன்றிக்கு ஜெர்மன் மொழியில் 'ஷ்வைன்' என்று பெயர். அந்த ஒரு சொல்லையாவது கற்றுக்கொண்டு செல்லுங்கள். ஏனெனில் பிரெட்சல் ரொட்டியின் மாவிலும் சில கடைகளில் அக்கொழுப்பைச் சேர்ப்பதுண்டு. செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை பொரித்த கெண்டை மீன் கிடைக்கும். மீன்தானே என்று அமர்ந்துவிடாமல், எதில் பொரிக்கிறார்கள், மாவில் பீர் கலந்திருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் எதற்கு?

தயக்கமின்றி நான் பரிந்துரைப்பது 'லேப்கூக்கன்' என்னும் மசாலாப் பணியாரம். சாராய மணம் சேர்க்காததாகக் கேட்டு வாங்குங்கள். உயர்ந்த வகையில் மாவு மிகக் குறைவு. பாதாமும் வேறு கொட்டைகளும் கால்பங்குக்குக் குறையாமல் இருக்க வேண்டுமென்பது விதி. கடித்ததும் நம் வீட்டு மணம்! கறுவாப்பட்டை, கிராம்பு, ஏலம், இஞ்சி. ஊரைச் சுற்றியுள்ள காட்டில் தேனுக்குப் பஞ்சமில்லை. மசாலாவோ மலபாரிலும் இலங்கையிலும் அதற்கு அப்பாலும் விளைந்து, அரபு வணிகர் கைமாறி, வெனிஸ் வழியாக ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி வந்தது. இவ்வூர் வணிகரை 'மிளகு மூட்டைகள்' என்றே பிறர் கேலி செய்தனர்.

அந்தப் பணியாரத்தைச் சுவைத்தபடியே ஜெர்மானியத் தேசிய அருங்காட்சியகத்திற்கு நடந்து செல்லுங்கள். இன்று எஞ்சியுள்ள பூகோள உருண்டைகளில் மிகப் பழமையானது அங்கே பாதுகாக்கப்படுகிறது. 1492-இல் இவ்வூரைச் சேர்ந்த மார்ட்டின் பெஹைம் செய்வித்தது. அதில் அமெரிக்கா இல்லை. ஆனால் இந்தியத் தீவுகளின் வாசனைப் பொருள்கள் பன்னிரண்டு கைகள் மாறித் தம் நாட்டை அடைவதால்தான் விலை ஏறுகிறது என்ற கணக்கு விரிவாக எழுதப்பட்டிருக்கிறது!

அருங்காட்சியகத்தின் வாசலிலேயே, ஒரு சந்தின் நெடுக வெண்ணிறத் தூண்கள் அணிவகுத்து நிற்கின்றன. யூதர்களின் குடியுரிமையைப் பறித்த சட்டங்களை நாஜிகள் 1935 செப்டம்பரில் இதே ஊரில்தான் பிரகடனம் செய்தனர். அந்தப் பெயரைச் சுமந்த ஊர், 1993-இல் இஸ்ரேலியச் சிற்பி தானி கரவானைக் கொண்டு மனித உரிமைப் பிரகடனத்தின் 30 பிரிவுகளையும் தன் தெருவிலேயே பொறித்து வைத்தது. ஒவ்வொரு பிரிவும் ஜெர்மனிலும் வேறொரு மொழியிலும் உள்ளது. எல்லாம் தூண்களல்ல; ஒன்று உயிருள்ள ஓக் மரம். சந்தையில் செலவிட்ட நேரத்தைவிட இங்கே கூடுதலாகச் செலவிடுங்கள். அவசரமாகப் படித்துச் செல்வதற்குரியதன்று இது.

இருட்டும்போது பசிக்கும். 1961 ஒப்பந்தத்தின்படி வேலைக்கு வந்த துருக்கியரின் மக்களும் பேரப்பிள்ளைகளும் ரயில் நிலையத்திற்குத் தெற்கே உணவகங்கள் நடத்துகின்றனர். ஸலாம் சொல்லி உள்ளே நுழையுங்கள். பயறு சூப்பும் சுட்ட ரொட்டியும் ஆட்டிறைச்சியும் கிடைக்கும். அங்கும் ஹலால்தானா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அமருங்கள்.