பூட்டிய பங்களாவுக்கு யார் காவல்?

கொடைக்கானலிலோ ஏற்காட்டிலோ கோத்தகிரியிலோ சின்னதாக ஒரு வீடு வாங்கிப் போட வேண்டும் என்பது கொஞ்சம் வசதியுள்ள பல குடும்பங்களின் ஆசை. கோடை விடுமுறையில் இருபது நாள், பொங்கல் தீபாவளி என்று இன்னொரு பத்து நாள் அங்கே போய் இருப்பார்கள். கணக்குப் போட்டால் வருடத்தில் 30 நாள் குடித்தனம், 335 நாள் பூட்டு!

அந்த 335 நாளும் வீட்டைப் பார்த்துக்கொள்வது யார்? வீட்டுக்காரரைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "நல்ல பூட்டு போட்டிருக்கோம், கேமரா வெச்சிருக்கோம், அங்கே ஒரு வாட்ச்மேனும் இருக்கான்." பூட்டுக்கும் கேமராவுக்கும் அடுத்து மூன்றாவதாக, அதுவும் 'இருக்கான்' என்று ஒருமையில் சொல்லப்படுகிற அந்த மனிதர்தான் உண்மையில் முதலில் வர வேண்டியவர்.

ஏன் என்று பார்க்க, திருடன் பக்கத்திலிருந்து கொஞ்சம் யோசிக்க வேண்டும். 1979-ல் லாரன்ஸ் கோஹன், மார்கஸ் ஃபெல்சன் என்ற இரண்டு அமெரிக்க சமூகவியல் அறிஞர்கள் ஒரு எளிய விளக்கம் கொடுத்தார்கள். ஒரு திருட்டு நடக்க மூன்று விஷயங்கள் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் சேர வேண்டும்: திருட நினைக்கும் ஆள், எடுக்கத் தோதான பொருள், தடுக்கக்கூடிய ஆள் அங்கே இல்லாமை. முதல் விஷயம் வீட்டுக்காரர் கையில் இல்லை. மற்ற இரண்டும் இருக்கின்றன.

தோதான பொருளை முதலில் எடுத்துக்கொள்வோமே. விடுமுறை வீட்டில் நகை இருக்காது. ஆனால் டிவி, இன்வெர்ட்டர் பேட்டரி, கேஸ் சிலிண்டர், தண்ணீர் மோட்டார், பித்தளைக் குத்துவிளக்கு, பாத்ரூம் குழாய்கள் எல்லாம் இருக்கும். இவை ஒவ்வொன்றும் பழைய விலைக்கு உடனே போகக்கூடியவை. தூக்கிக்கொண்டு போக முடிந்ததை ஊருக்குத் திரும்பும்போது கொண்டுபோய்விடுவது, முடியாததில் அழியாத மாதிரி ஒரு அடையாளம் போட்டு வைப்பது, இரண்டுக்கும் பெரிய செலவு கிடையாது.

அடுத்தது, வீட்டில் ஆள் இல்லை என்று வீடே காட்டிக்கொடுக்கிற விஷயம். கேட்டுக்கு உள்ளே குவிந்த சருகு, முழங்கால் உயரப் புல், வாசலில் நனைந்து கிடக்கும் விளம்பரத் தாள்கள், வெளியே தொங்குகிற பெரிய பூட்டு. இதில் பலர் செய்கிற வேடிக்கை, ராத்திரிக்கு வெளிச்சம் இருக்கட்டும் என்று வாசல் விளக்கைப் போட்டுவிட்டே ஊருக்குப் போவது. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கும் அந்த விளக்கு எரிந்துகொண்டிருந்தால் தெருவில் போகிற யாருக்கும் விஷயம் புரிந்துவிடும்! இருட்டினால் தானே எரிந்து, விடிந்தால் தானே அணைகிற விளக்குகள் கடையில் கிடைக்கின்றன. முன்கதவுக்குத் தொங்கு பூட்டை விட உள்பூட்டு நல்லது. முன்கதவைக் கோட்டை மாதிரி செய்துவிட்டுப் பின்கட்டுக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் மட்டும் போட்டு வைப்பது எந்த விதத்தில் பாதுகாப்பு?

சரி, கேமரா? கேமரா வேண்டாம் என்று சொல்லவே முடியாது. ஆனால் அதன் வேலை என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். மலையில் பலத்த மழை, காற்று என்றால் மின்சாரம் போகும். மின்சாரம் போனால், பேட்டரி இல்லாத இடத்தில் இன்டர்நெட்டும் போகும், படமும் போகும். எல்லாம் சரியாக வேலை செய்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குச் சென்னையில் தூங்குகிறவரின் செல்போனில், மலைவீட்டுக் கதவை ஒருவன் கடப்பாரையால் நெம்புவது தெரிகிறது. அவர் என்ன செய்வார்? அங்கே பக்கத்தில் இருக்கிற யாருக்காவது போன் செய்வார். அப்படி ஒரு ஆள் இல்லை என்றால், திருட்டை நேரலையில் பார்க்கலாம். அவ்வளவுதான்.

போலீஸ் உதவியும் உண்டு. வெளியூர் போவதை ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போங்கள் என்று தமிழ்நாடு போலீஸ் பண்டிகைக் காலங்களில் கேட்டுக்கொள்கிறது. கேரள போலீஸின் 'போல் ஆப்' மூலம் தகவல் கொடுத்தால் பூட்டிய வீட்டை 14 நாள் வரை கண்காணிக்கிறார்கள். ஆந்திராவில் கேட்டுக்கொண்டால் வீட்டுக்குள் கேமராவே வைத்துக் கண்காணிக்கும் திட்டம் கொண்டுவந்தார்கள். எல்லாம் நல்ல ஏற்பாடுகள்தான். ஆனால் இவை திருப்பதிக்கோ கல்யாணத்துக்கோ போகிறவர்களுக்குப் பொருந்துபவை. வருடத்தில் பதினொரு மாதம் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு எந்த ஸ்டேஷன் தினமும் ஆள் அனுப்ப முடியும்?

"இன்ஷூரன்ஸ் இருக்கே" என்பவர்கள் பாலிசியைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொது வீட்டுப் பாலிசி முக்கியமாகத் தீ, வெள்ளம் போன்றவற்றுக்கானது. பூட்டை உடைத்து நடக்கும் சாதாரணத் திருட்டுக்குத் தனியாகப் பாதுகாப்பு வாங்க வேண்டும். அதோடு, தொடர்ந்து 30 நாளுக்கு மேல் ஆள் குடியில்லாமல் இருந்தால் நிறுவனத்துக்குச் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும் என்கிற மாதிரி நிபந்தனைகள் பல பாலிசிகளில் உண்டு. இன்ஷூரன்ஸ் ஒப்பந்தமே முழு நம்பிக்கையின் மேல் நிற்பது என்று வணிகவியல் மாணவர்களுக்கு முதல் வருடத்திலேயே சொல்லித் தருகிறார்கள். வீடு காலியாகக் கிடப்பதை மறைத்துப் பாலிசி எடுத்தால், பிரீமியம் கட்டியது மிச்சம், கிளெய்ம் கிடைப்பது சந்தேகம்.

கடைசியில் எல்லாம் மனிதரிடம்தான் வந்து நிற்கிறது. இங்கிலாந்தில் ரோச்டேல் நகரில் கிர்க்ஹோல்ட் என்று ஒரு குடியிருப்பு. 1980-களில் அங்கே வீட்டுத் திருட்டு மிக அதிகம். திருட்டு நடந்த வீட்டிலேயே மறுபடி நடந்தது. காசு போட்டால் ஓடும் மீட்டர்களை எடுத்தார்கள், பூட்டுகளைப் பலப்படுத்தினார்கள். கூடவே, திருட்டு நடந்த வீட்டைச் சுற்றியுள்ள ஐந்தாறு வீட்டுக்காரர்களை அந்த ஒரு வீட்டைக் கவனித்துக்கொள்ளச் சொன்னார்கள். திருட்டு பெருமளவு குறைந்தது. பக்கத்து வீட்டு ஆட்களிடம் சொல்லி வைப்பது என்ற நம்மூர்ப் பழைய வழக்கம்தான் அது!

விடுமுறை வீட்டுக்காரர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாது. வாட்ச்மேனுக்கு மாதச் சம்பளம் சரியாகப் போகாது, போனாலும் வீட்டுக்காரர் ஒரு நாள் ஹோட்டலில் சாப்பிடுகிற செலவுக்கு மேல் இராது. டார்ச் இல்லை, மழைக்கோட்டு இல்லை. காட்டெருமை நடமாடும் பாதையில் ராத்திரி ரவுண்டு மட்டும் போக வேண்டும். இதில் உயிர் ஆபத்தும் உண்டு. 2017 ஏப்ரலில் கோத்தகிரி பக்கம் கொடநாடு எஸ்டேட் பங்களாவுக்குள் ஒரு கும்பல் புகுந்தபோது கொல்லப்பட்டவர் ஒரு காவலாளி. மறைந்த முதலமைச்சர் ஜெயலலிதாவின் பங்களா என்பதால் நாடே அதைப் பேசியது. சாதாரண வீட்டின் காவலாளிக்கு ஏதாவது நடந்தால் யார் பேசுவார்கள்?

"வாட்ச்மேனே திருடினால்?" என்ற கேள்வி உடனே வரும். நியாயமான கேள்வி. அதற்குத் தணிக்கைப் பாடத்தில் பதில் இருக்கிறது. சாவி வைத்திருப்பவரும் கணக்கு வைத்திருப்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. வீட்டில் உள்ள பொருள்களுக்கு ஒரு பட்டியல், இரண்டு பிரதி. வீட்டுக்காரரிடம் ஒன்று, வாட்ச்மேனிடம் ஒன்று. மாதம் ஒரு முறை வேறொருவர் வந்து சரிபார்த்து இரண்டிலும் கையெழுத்துப் போட வேண்டும். ஏஜென்சி மூலம் ஆள் வைத்தால் 2005-ம் ஆண்டு தனியார் பாதுகாப்பு நிறுவனச் சட்டப்படி லைசென்ஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்தப் பட்டியல் வாட்ச்மேனுக்கும் ஒரு பாதுகாப்பு. எந்தத் திருட்டு நடந்தாலும் முதல் சந்தேகம் அவர் மேல்தான் விழுகிறது. போன மாதம் வரை எல்லாம் சரியாக இருந்தது என்று காட்ட அவரிடம் ஒரு தாளாவது இருக்கட்டுமே.

லட்சக்கணக்கில் செலவு செய்து வீடு வாங்குகிறவர், அதை 335 நாள் காக்கிறவருக்கு நல்ல சம்பளமும், ஒரு விபத்துக் காப்பீடும், ஒரு டார்ச்சும் கொடுக்க யோசிக்கக் கூடாது. அதற்குக் கையில் பணம் இல்லை என்றால் விடுமுறைக்கு ஹோட்டலில் ரூம் போடலாம், அது எவ்வளவோ மலிவு :-)